கடைசியாகக் குளிப்பவர்

ஓமியோ என்ற மலையூரைத் தாண்டியதும் சாலை காணாமல் போயிற்று. வெள்ளையாக ஏதோ ஒன்று மலைமேல் ஏறிக்கொண்டிருந்தது. அதன்மேல் கதிர்காமநாதனின் ஹோல்டன் கார், டயர்களில் சங்கிலி பூட்டிக்கொண்டு, விசாரணைக்குப் போகும் கைதியைப்போல ஊர்ந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு, ஜூலை மாதம். யாழ்ப்பாணத்தில் அப்போது தார் உருகும். இங்கே, ஆஸ்திரேலிய மலையில், மூக்கு மயிர் உறைந்து உள்ளே குத்தியது.

கதிர்காமநாதன் மெல்பேர்னில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் பொறியியலாளர். இரத்த அழுத்தக்காரர். டாக்டர் அவரை உப்பைக் குறைக்கச் சொன்னார், கோபத்தையும் குறைக்கச் சொன்னார். இரண்டையும் குறைக்காமல் அழுத்தத்தை மட்டும் குறைக்க வழி உண்டா என்று அவர் விசாரித்தார். அலுவலகத்தில் இருந்த பின்லாந்துக்காரர் ஒருவர் இந்த விடுதியைப் பற்றிச் சொன்னார். தங்கள் நாட்டு முறைப்படியே எல்லாம் நடக்கும்: காலையில் பனிச்சறுக்கு, மாலையில் சௌனா என்கிற வேர்வைக் குளியல், அதிலிருந்து வெளியே வந்ததும் உறைந்த குளத்தில் பனிக்கட்டியை உடைத்து ஒரு முழுக்கு. ஒரு வாரத்தில் ஆள் புதிதாகிவிடுவார்.

பின் இருக்கையில் அவருடைய மனைவி விமலாதேவி இருந்தாள். அவளுடைய மடியில் அரிசியும் பருப்பும் மிளகாய்த்தூளும் இருந்தன. புதிதாகப் போகிறவரும் சாப்பிட வேண்டுமல்லவா? விடுமுறை அவருக்கு; அடுப்பு அவளோடு கூட வந்தது.

முன் இருக்கையில் பாஸ்கர். கும்பகோணத்துக்காரன், மெல்பேர்னில் கிளேட்டன் பகுதியிலுள்ள பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. எதையும் கவனிப்பான், எதையும் கேட்கமாட்டான். போன சித்திரையில் விமலாதேவி விலாவைப் பிடித்துக்கொண்டு பரிமாறியதையும் கவனித்தான். ரசம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டான்.

விடுதியில் வேறு விருந்தினர் யாரும் இல்லை. பெரும்பனி வருகிறது என்று வானொலி சொன்னதைக் கேட்டு எல்லோரும் வராமல் நின்றுவிட்டார்கள். கதிர்காமநாதன் வானொலிக்குப் பயப்படுகிறவர் அல்லர்.

விடுதிக்காரியின் பெயர் ஹில்கா. அறுபது வயது இருக்கும். புருஷன் இல்லை. கதவைத் திறந்து மூவரையும் பார்த்தாள், கதிர்காமநாதனின் குரங்குக் குல்லாவைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள், பிறகு அவருடைய கையில் பட்டியைச் சுற்றி அழுத்தத்தை அளந்தாள். அளந்த எண்ணைச் சொல்லவில்லை. உதட்டைப் பிதுக்கினாள்.

அதன்பின் குளிக்கும் இடத்தைக் காட்டக் கூட்டிப்போனாள்.

வீட்டின் பின்புறம் சரிவில் இறங்கினால் குளம். குளத்தின் ஓரத்தில், முழு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய கறுத்த குடில். கைப்பிடி அளவு ஒரு சன்னல். உள்ளே மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு பலகைகள்; மூலையில் இரும்பு அடுப்பு, அதன் தலையில் கருங்கற்கள்; ஒரு வாளி, ஒரு மர அகப்பை. கல் சூடேறியதும் தண்ணீரை ஊற்றினால் ஆவி எழும். உடம்பைத் தட்டிக்கொள்ள யூகலிப்டஸ் கொப்புகளைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டிருந்தாள். உள்ளே புகை மணமும் தைல மணமும் வந்தன. அவற்றுக்குக் கீழே மூன்றாவதாக ஒரு மணமும் இருந்தது. நனைந்த நாய், கம்பளி, பழைய வேர்வை என்று ஏதாவது சொல்லலாம். சொன்னால் சரியாக இராது.

ஹில்கா விதியைச் சொன்னாள். இரண்டு முறை மனிதர்களுக்கு. அதன்பிறகு அடுப்பில் விறகு போட்டு, கல்லில் தண்ணீர் ஊற்றி, கதவைச் சாத்திவிட்டு வந்துவிட வேண்டும். மூன்றாவது முறை நமக்கு இல்லை.

யாருக்கு என்று பாஸ்கர் கேட்டான்.

அங்கே இருக்கிறவருக்கு என்றாள் ஹில்கா.

திரும்பி ஏறும்போது கதிர்காமநாதன் இதைப் பற்றி ஒரு சிறு சொற்பொழிவு நிகழ்த்தினார். வெள்ளைக்காரனுக்குள்ளும் காட்டான் உண்டு என்பது அதன் சாரம். பாஸ்கர் தலையாட்டினான். விமலாதேவி மூச்சு வாங்கினாள். எல்லோருடைய துவாய்களும் அவளிடம் இருந்தன.

ஹில்காவின் ஊரில் குடும்பம் மொத்தமும் ஒன்றாக உள்ளே போகும், துணி இல்லாமல். ஆகவே இரண்டு முறை யாருக்கும் தாராளம். மூன்று பேர் வந்தால் மூன்று முறை தேவைப்படும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஆனால் பாஸ்கர் இருக்கும்போது கதிர்காமநாதன் தம் மனைவியோடு எப்படி உள்ளே போவார்? கதிர்காமநாதனின் தொந்திக்கு எதிரே பாஸ்கர் எப்படி உட்காருவான்? எனவே முதலில் வீட்டுக்காரர், அடுத்து விருந்தாளி, எல்லோரும் முடித்தபின் விமலாதேவி. இதை யாரும் தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்க என்ன இருக்கிறது? சோறும் அப்படித்தான், வெந்நீரும் அப்படித்தான்.

பொழுது சாயும் வேளையில் கதிர்காமநாதன் போய், தக்காளிப் பழமாகத் திரும்பி வந்தார். பாஸ்கர் போய்விட்டு வந்தான். குளத்து முழுக்கை இருவருமே தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதோடு முடித்துக்கொண்டார்கள். விமலாதேவி பருப்பை இறக்கி வைத்துவிட்டுக் குறுக்குக்கட்டுக் கட்டி, மேலே கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

கதவு கனமாக இருந்தது. சாத்தியதும் வெளியுலகச் சத்தம் முழுவதும் நின்றது.

இருட்டு. அடுப்பின் வாயில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு. அவள் தடவிப்போய்க் கீழ்ப்பலகையில் உட்கார்ந்தாள். சூடு முதலில் காதைத் தொட்டது, பிறகு நெற்றியை. இரண்டு பேர் குளித்து முடித்த பிறகும் அறை ஆறவில்லை.

ஸ்ஸ்ஸ் என்று கல் சீறியது.

அவள் தண்ணீர் ஊற்றவில்லை.

ஆவி அவளைப் போர்த்தியது. முதுகில் வெதுவெதுப்பான நீர் விழுந்தது, மெதுவாக, ஓர் அகப்பை. பிறகு இன்னொன்று. பிறகு இலைக்கட்டு தோளிலிருந்து இடுப்புவரை இறங்கியது. அதன் பின்னாலேயே ஒரு கை வந்தது. விடுதிக்காரிதான் உதவிக்கு வந்திருக்கிறாள் என்று விமலாதேவி நினைத்தாள். கலியாணத்துக்குப் பிறகு அவளுடைய முதுகை யாரும் தேய்த்ததில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்சம் அழுதாள்கூட, வேர்வையில் தெரியாது.

"தாங்க் யூ" என்றாள்.

பிடரியில் மூச்சு பட்டது.

அத்தனை சூட்டுக்குள், அந்த மூச்சு மட்டும் குளிர்ந்திருந்தது.

பிறகு மேல்பலகை கிரீச்சிட்டது. கனமான எதுவோ ஏறி, இடம்பிடித்து உட்கார்ந்துகொண்டது.

அவள் குசினிக்குத் திரும்பியபோது ஹில்கா அங்கே ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். முழங்கைவரை மா. வெகுநேரமாக அங்கேயே நிற்கிறாள் என்பது தெளிவாகத் தெரிந்தது. விமலாதேவி அப்படியும் நன்றி சொன்னாள், முதுகு தேய்த்ததற்கு.

ஹில்கா பிசைவதை நிறுத்தினாள். எத்தனையாவதாகப் போனாய் என்று கேட்டாள். விமலாதேவி மூன்று விரலைக் காட்டினாள். ஹில்கா ஒவ்வொரு விரலிலிருந்தும் மாவை வழித்து எடுத்தாள். அதற்கு நெடுநேரம் பிடித்தது. பக்கத்து அறையில் கதிர்காமநாதன் பாஸ்கருக்கு நாட்டு நடப்பை விளக்கிக்கொண்டிருந்தார்; கேட்டுவிடாதபடி ஹில்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

முதல் நாள் அது கழுவும். இரண்டாம் நாள் எலும்புகளை எண்ணும். மூன்றாம் நாள் கடைசியாக வருகிறவரை வைத்துக்கொள்ளும். அதன்பிறகு அடுத்த குளிர்வரை தொந்தரவு இல்லை.

யாருமே போகாவிட்டால்?

அது வீட்டுக்கு வந்து கேட்கும்.

திரும்பி மெல்பேர்னுக்குப் போய்விட்டால்? ஹில்கா சன்னலைக் காட்டினாள். கார் நின்ற இடத்தில் ஒரு வெள்ளை மேடு இருந்தது. சாலை திறக்க ஒரு வாரமாவது ஆகும். திறந்தாலும் பயனில்லை, நடப்பதற்கு அது சலிப்பதில்லை என்றாள்.

விமலாதேவி கடைசியாக ஒன்றைக் கேட்டாள். அதற்கு நான்தான் வேண்டுமா?

ஹில்கா இல்லையென்று தலையாட்டினாள். மனிதர்களுக்குள் அதற்கு வித்தியாசம் தெரியாது. வரிசைதான் தெரியும். அவள் மீண்டும் பிசையத் தொடங்கியபின், தன் புருஷனைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: மிகவும் மரியாதையானவர், எங்கேயும் என்னைத்தான் முதலில் போகவிடுவார்.

மறுநாள் காலை பனிச்சறுக்கு. கதிர்காமநாதன் ஆறடிப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு, நியூட்டனின் விதிகளைப் பாஸ்கருக்கு விளக்கிவிட்டு, அவற்றுக்குக் கட்டுப்பட்டு விழுந்தார். எழுந்தார். இந்தமுறை விதிகளை விளக்காமலே விழுந்தார். விமலாதேவி சிரிக்கவில்லை. சிரித்தால் எவ்வளவு நாளைக்கு நினைவில் வைத்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும். அவள் குளத்துப் பக்கம் பார்த்தபடி நின்றாள். குடிலின் புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. காலையில் அங்கே யாரும் தீ மூட்டவில்லை.

மாலையில், தனக்கு இன்றைக்குக் குளிக்க மனமில்லை என்று அவள் சொல்லிப்பார்த்தாள்.

"ஏன், சூடாக்கின தண்ணி வீணாப் போகவோ? போம்" என்றார் கதிர்காமநாதன்.

அவள் பாஸ்கரைப் பார்த்தாள். பாஸ்கர் தட்டைப் பார்த்தான். தட்டில் கத்தரிக்காய்க் குழம்பு இருந்தது.

இரண்டாம் நாள்தானே, எண்ணத்தானே போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் இறங்கினாள். கால்கள் அதை நம்பவில்லை. சரிவில் இரண்டுமுறை வழுக்கினாள்.

இந்தமுறை தண்ணீர் விழவில்லை. இலை வரவில்லை.

அவள் பலகையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

பிடரியில் ஒரு விரல் வந்து நின்றது.

பிறகு முதுகுத்தண்டில் இறங்கியது. ஒரு முடிச்சு. நின்றது. அடுத்த முடிச்சு. நின்றது. சந்தையில் வெண்டிக்காய் பொறுக்குகிறவரின் பொறுமை அதற்கு இருந்தது. அடிவரை போய், விலாவுக்கு வந்து, ஒவ்வொன்றாக மேலே ஏறியது. இடப்பக்கத்தில் ஓர் எலும்பில் நின்றது. திரும்பிப் போனது. மறுபடி வந்தது. உடைந்து, கோணலாகப் பொருந்திப்போன எலும்பு அது. அது எப்படி உடைந்தது என்று அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான்.

இப்போது மூன்று.

மேலே, இருட்டில், அது மெல்லச் சப்புக்கொட்டியது.

அவள் ஓடவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு, கதவைச் சரியாகச் சாத்திவிட்டு, நிதானமாக ஏறி வந்தாள். அவ்வளவு நிதானம் அவளுக்கே புதிதாக இருந்தது. குசினியில் விறகுக் கூடையை ஒரே கையால் தூக்கி நகர்த்தினாள். சித்திரை மாதத்திலிருந்து அவளால் செய்ய முடியாதிருந்த காரியம் அது. விலாவில் வலி இல்லை. தோலைத் தொட்டால் குழந்தையின் கன்னம்போல இருந்தது. எண்ணுகிறபோது கோணலைப் பிடித்து நேராக்கியும் விட்டிருந்தது. வைத்துக்கொள்ளப் போகிற பொருள் பழுதில்லாமல் இருக்கவேண்டுமென்று நினைத்திருக்கலாம்.

அதைக் கதிர்காமநாதன் கவனித்தார். மனைவியின் வலியை அவர் ஒருநாளும் கவனித்ததில்லை. வலி போனதை உடனே கவனித்தார். அன்று காலை ஹில்கா அவருடைய அழுத்தத்தை அளந்துவிட்டு, முதல் நாளைவிட நீளமாக உதட்டைப் பிதுக்கியிருந்தாள். அதே குளியல், அதே தண்ணீர். அவருக்கு ஏறியிருக்கிறது, இவள் மினுங்குகிறாள். இதில் ஏதோ அநியாயம் இருந்தது.

"என்ன நீர், மினுக்கின பித்தளைக் குடம் மாதிரி இருக்கிறீர்?"

அவள் அரிசியைக் களைந்துகொண்டே சொன்னாள்: "உள்ளுக்கை ஒரு ஆள் இருக்கு. முதுகு தேய்ச்சு விடுது."

கதிர்காமநாதன் யோசித்தார். உள்ளே யார், ஆணா பெண்ணா, ஏன் இருட்டில் இருக்கிறது என்றெல்லாம் ஒரு புருஷனுக்குத் தோன்றக்கூடிய கேள்விகள் சில உண்டு. அவர் கேட்டது இது:

"அப்ப எனக்கேன் தேய்க்கேல்லை?"

"நீங்கள் முதல்ல போறீங்கள். அது கடைசியா வாற ஆளுக்குத்தான்."

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவ்வளவுதானா! நல்ல சிகிச்சையைக் கிழவி கடைசி முறைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறாள். அதற்கு ஆள் வைத்திருக்கிறாள். விருந்தினர் கேட்டுவிடக் கூடாதென்று பேய்க்கதை கட்டிவிட்டிருக்கிறாள். ஒரு பொறியியலாளரை ஏமாற்ற இது போதாது.

"நாளைக்கு நான்தான் கடைசி" என்றார்.

விமலாதேவியின் கை அரிசித் தண்ணீருக்குள் நின்றது.

ஒரு வாக்கியம் மிச்சமிருந்தது. மூன்றாம் நாள் அது ஆளை வைத்துக்கொள்ளும். நீளமான வாக்கியம்கூட இல்லை. அவள் அதை வாய்க்குள் வைத்து ஒருமுறை உருட்டிப் பார்த்தாள். சொன்னால் அவர் நம்பமாட்டார். நம்பினால், அவளைத்தான் அனுப்புவார்; அதற்கு அவளைப் பழக்கம் என்று காரணமும் காட்டுவார். இரண்டாவதுதான் நடக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

அவள் தண்ணீரை வடித்தாள்.

"உங்கட விருப்பம்" என்றாள்.

மூன்றாம் நாள் காலையிலிருந்தே பனி கொட்டியது. வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவே இருந்த சரிவு அழிந்துபோய், குடிலின் சன்னல் மட்டும் சிவப்பாக அந்தரத்தில் தொங்கியது. விமலாதேவி முதலில் போனாள். வாழ்க்கையில் முதல்தடவையாக, யாரும் தொடாத சூட்டில், யாரும் மிதிக்காத பலகையில் உட்கார்ந்தாள். ஒன்றும் வரவில்லை. மேல்பலகையைப் பார்க்காமல் குளித்துவிட்டு வந்தாள். பாஸ்கர் போனான், சீட்டியடித்துக்கொண்டு வந்தான்.

கதிர்காமநாதன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, துவாயைத் தோளில் போட்டார். கொஞ்சம் நல்லெண்ணெய் இருந்தால் கொடு, தேய்க்கிறவனிடம் கொடுக்கலாம் என்றார். அவள் எண்ணெயைச் சூடாக்கிக் கொடுத்தாள். லாந்தர் சரிவில் ஆடி ஆடி இறங்கிப் போயிற்று. கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

விமலாதேவி குசினிக்குத் திரும்பிச் சோற்றை இறக்கினாள். பாஸ்கர் கதிரையை மேசைப்பக்கம் இழுத்துக்கொண்டான். ஹில்கா அடுப்பருகே கம்பளி பின்னினாள். அவளுடைய ஊசிகள் மட்டும் பேசின.

கீழே கல் சீறியது. இவ்வளவு தூரம் கேட்கக்கூடிய சத்தமல்ல அது.

பிறகு கதிர்காமநாதனின் குரல். "ஆ... அப்பிடித்தான். கொஞ்சம் மேலை" என்றது. சுகமான குரல்.

ஊசிகள் பின்னின.

பிறகு ஒரு சிரிப்பு, கிச்சுகிச்சு மூட்டப்பட்டவரின் சிரிப்பு.

பிறகு, "மெல்ல."

பிறகு, "மெல்ல, மெல்ல."

ஊசிகள் நின்றன.

"விமலா" என்று அவர் ஒருமுறை கூப்பிட்டார். அதட்டவில்லை. கலியாணமான புதிதில்கூட அவர் அவளை அவ்வளவு பணிவாகக் கூப்பிட்டதில்லை.

பாஸ்கர் நிமிர்ந்தான். முகம் வெளுத்திருந்தது. "சார் கூப்பிடற மாதிரி இருக்கே, அக்கா" என்றான், மேசையைப் பார்த்தபடி.

விமலாதேவி அகப்பையை எடுத்தாள்.

"சோறு போடட்டோ, தம்பி?"

கீழே ஏதோ முறிந்தது. காய்ந்த விறகாகவும் இருக்கலாம். பாஸ்கருக்குக் கேள்விகள் இருந்தன. பசியும் இருந்தது.

தட்டை நீட்டினான்.

அன்று அவள் புருஷனுக்கு முந்திச் சாப்பிட்டாள். சோறு சூடாக இருந்தது. சூடாக இருந்தால் சோறு இப்படித்தான் இருக்கும் என்பதை அவள் மறந்துபோயிருந்தாள்.

விடிந்ததும் மூவருமாகப் போய்க் கதவைத் திறந்தார்கள். உள்ளே பலகைகள் கழுவித் துடைத்ததுபோலச் சுத்தமாக இருந்தன. எண்ணெய்க் கிண்ணம் காலி. சாரம் பிழிந்து, உதறி, கொடியில் சுருக்கமில்லாமல் காய்ந்துகொண்டிருந்தது. கதிர்காமநாதன் தம் வாழ்நாளில் தம்முடைய சாரத்தைத் தாமே பிழிந்தவர் அல்லர். வேறு எதுவும் இல்லை.

சாலை திறந்ததும் போலீஸ் வந்தது. சூட்டிலிருந்து வந்தவர் குளத்தில் இறங்கியிருக்க வேண்டும், பனிக்கட்டிக்கு அடியில் போயிருக்க வேண்டும் என்றார்கள். பனி உருகியபின் குளத்தில் வலைபோட்டு இழுத்தார்கள். அகப்படவில்லை. பாஸ்கரிடம் ஏதாவது சத்தம் கேட்டதா என்று விசாரித்தார்கள். காற்று பலமாக இருந்தது என்றான். அது உண்மைதான், காற்று பலமாகத்தான் இருந்தது.

மெல்பேர்னில் அப்போது நம்மவர் குடும்பங்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். எல்லோரும் சட்டியும் பானையுமாகக் விமலாதேவியின் கிளேட்டன் வீட்டுக்கு வந்தார்கள். கதிர்காமநாதனைப்போல் ஒருவர் உண்டா என்றார்கள். இல்லையென்று விமலாதேவி ஒத்துக்கொண்டாள். தைரியமான மனுஷி என்று போகும் வழியெல்லாம் பேசிக்கொண்டார்கள். அவள் ஒரு மருத்துவமனைக் குசினியில் வேலை தேடிக்கொண்டாள். கார் ஓட்டப் பழகினாள். வேலையிலிருந்து வந்ததும் வெந்நீர்த் தொட்டியை நிரப்பி, முழுச் சூட்டோடு, முதல் ஆளாக இறங்கிக் குளித்தாள். அந்த வசந்தமும் கோடையும் அவளுடைய வாழ்க்கையில் மிகச் சிறந்தவை.

மறுவருஷம் ஜூன் மாதம், முதல் உறைபனி விழுந்த மாலை, அவள் வேலையிலிருந்து வந்து குளியலறைக் கதவைத் திறந்தாள். கண்ணாடி முழுவதும் ஆவி படிந்திருந்தது. தொட்டி காய்ந்து கிடந்தது. குழாய் இறுக்கி மூடியிருந்தது.

தைலம் மணத்தது.

அவள் வாசலிலேயே நின்றாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தனியாக இருக்கிறவள் எப்போதும் முதல் ஆள்தான். ஆனால் தனியாக இருக்கிறவள் எப்போதும் கடைசி ஆளும்கூட.

அன்று அவள் குளிக்கவில்லை. யாருமே போகாவிட்டால் என்ன ஆகும் என்று ஹில்கா சொன்னதை மறக்கவில்லை, இருந்தாலும் குளிக்கவில்லை. காலையில் பார்த்தபோது, குளியலறையிலிருந்து நடைவழிக் கம்பளத்தின்மேல் ஈரக் கால்தடங்கள் வந்திருந்தன. கட்டிலுக்கு அருகில், அவள் முதுகு காட்டிப் படுத்திருந்த பக்கத்தில், அவை நின்றிருந்தன. வெகுநேரம் நின்றிருக்க வேண்டும். கம்பளம் தொப்பலாக நனைந்திருந்தது. திரும்பிப்போன தடங்கள் இருந்தன, நல்லவேளையாக. கேட்க வந்ததைக் கேட்டுவிட்டுப் போயிருந்தது.

அவள் தேநீர் போட்டுக் குடித்தாள். பிறகு பாஸ்கருக்குத் தொலைபேசியில் பேசினாள்.

வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது என்றாள். பெரிய அறை, வெயில் வரும், பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போகலாம். மூன்று வேளையும் சாப்பாடு. பாஸ்கருக்கு மாணவர் விடுதியில் கொடுக்கும் ஆட்டிறைச்சியையும் அவித்த முட்டைக்கோஸையும் நினைத்தாலே கண்ணீர் வந்துகொண்டிருந்த காலம் அது. ஊர் என்ன பேசும் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டான். பேசட்டும் என்றாள் அவள். அன்றே பெட்டியோடு வந்துவிட்டான்.

அவள் அறையைக் காட்டினாள், அலமாரியைக் காட்டினாள், குளியலறையைக் காட்டினாள். ஒன்றே ஒன்றுதான் சொல்லிக்கொள்ள இருக்கிறது என்றாள்.

"நான் முதல்ல குளிப்பன். நீர் பிறகு."

"தாராளமா, அக்கா. எனக்கு என்ன அவசரம்? நீங்க முதல்ல போங்க."

அவள் போனாள். கதவைத் திறந்தபடியே வைத்து, அவசரமாக நாலு செம்பு ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பாஸ்கர் சீட்டியடித்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். சீட்டி கொஞ்சநேரம் கேட்டது. பிறகு நின்றது. தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் வந்தது, ஒரே சீராக, அவசரமில்லாமல்.

அவள் குசினியில் மிளகு இடித்தாள்.

அவன் மேசைக்கு வந்தபோது காதுவரை சிவந்திருந்தான். தலையைத் துவட்டாமலே வந்திருந்தான். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. நீராவியில் கண் தெரியவில்லை, பின்னால் கதவு திறந்தது காதிலும் விழவில்லை; ஆனாலும் ஒரு கை அவனுடைய முதுகை அவ்வளவு பரிவாகத் தேய்த்துவிட்டது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஆராய்ச்சி மாணவனுக்கு இந்தக் கணக்கு வராதா? அவனுக்கு இருபத்தாறு வயது. ஊரில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை எப்படிக் கேட்பது, கேட்கத்தான் வேண்டுமா, கேட்டு நாளைக்கு நின்றுபோய்விட்டால் என்ன செய்வது என்று அவன் மனத்துக்குள் பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது.

விமலாதேவி ரசத்தை ஊற்றினாள்.

"தண்ணி சூடு காணுமோ, தம்பி?"

"நல்லா இருந்துச்சு, அக்கா" என்றான் பாஸ்கர், தட்டிடம். "ரொம்ப நல்லா இருந்துச்சு."

"நாளைக்கும் நான் முதல்ல குளிக்கிறன். சரியோ?"

அவன் வேகமாகத் தலையாட்டினான். வேறு எதையும் அவன் கேட்கவில்லை.

குளியலறையில் தண்ணீர் விழுந்தது. ஒரு செம்பு. நிறுத்தி, இன்னொரு செம்பு. குழாயைச் சரியாக மூடவில்லைபோலும் என்று பாஸ்கர் எழப்போனான். விமலாதேவி அவனுடைய தோளில் கைவைத்து உட்காரவைத்தாள். சட்டைக்குள்ளால் தோள்மூட்டு துருத்திக்கொண்டு தெரிந்தது. அவள் இன்னும் இரண்டு அகப்பை சோறு எடுத்து அவனுடைய தட்டில் போட்டாள்.

"எலும்பெல்லாம் வெளியாலை தெரியுது" என்றாள். "வடிவாச் சாப்பிடும், தம்பி."